இந்தக் கம்பி யாருக்கு?

"நல்லது செய்யணும்னுதான் போறேன், அம்மா. கெடுதல் செஞ்சுட்டுத் திரும்புதேன்" என்றார் தாணுமாலயன்.

குழலி அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"சொல்லுங்க அண்ணாச்சி."

தாணுமாலயன் அவரைவிடப் பத்து வயதாவது மூத்தவர். தலை பாதி நரைத்துவிட்டது. ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாலைகள் நிறுத்தும் கம்பெனி ஒன்றில் கட்டுமானப் பொறியாளர். மனைவி இறந்த வருஷம் யாரோ சொல்லி இந்த மடத்துக்கு வந்தார். அன்று குழலி அம்மா ஆறுதலாக ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. ஒரு தம்ளர் மோர் கொடுத்துவிட்டு, அவர் குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அதற்கப்புறம் தாணுமாலயன் மடத்துக்கு வராத ஞாயிற்றுக்கிழமை கிடையாது.

அம்மாவின் முழுப்பெயர் குழல்வாய்மொழி. தென்காசிக்காரர். கல்லூரியில் கணக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர், ஒருநாள் வேலையை விட்டுவிட்டு மலையடிவாரத்திலிருந்த இந்தப் பழைய மடத்துக்கு வந்து சேர்ந்தார். ஏன் வந்தீர்கள் என்று கேட்டவர்களிடம், "இங்க காத்து நல்லாருக்கு" என்றார். மடத்தில் ஒரு சமையல்கூடமும் சின்ன மருந்தகமும் உண்டு. உபதேசம் என்று எதுவும் கிடையாது.

தாணுமாலயன் தன் குறையைச் சொன்னார்.

கணவாயில் பழைய சின்னக் காத்தாடிகளைக் கழற்றிவிட்டுப் பெரிய காத்தாடிகளை நிறுத்துகிறார்கள். கரி எரிக்காமல் மின்சாரம் கிடைக்கிறது. அது நல்ல காரியம் என்பதில் அவருக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் ஒவ்வொரு காத்தாடிக்கும் அடியில் குளம் மாதிரி ஒரு குழி தோண்ட வேண்டியிருக்கிறது. அந்தக் குழி நிறையக் கம்பியும் கான்கிரீட்டும் போகிறது. இரும்பு உருகுவதும் நெருப்பில்தான், சிமெண்ட் வேகுவதும் நெருப்பில்தான். ஜல்லி உடைத்து உடைத்துத் தெற்கே ஒரு குன்றில் பாதியைக் காணோம். கழற்றிய பழைய இறக்கைகளை வாங்குவார் இல்லை. அவற்றை உருக்க முடியாது. எரித்தால் நச்சுப்புகை. புதைத்தாலும் மக்காது. கம்பெனி யார்டில் செத்த திமிங்கிலங்கள் போல வரிசையாகக் கிடக்கின்றன.

"காத்தைப் பிடிக்கதுக்கு மலையைத் தின்னுதோம்மா. இதுக்கு ஒரு வழி சொல்லுங்க."

குழலி அம்மா கீரைக் காம்பை ஒதுக்கிவிட்டு எழுந்தார். அவரை அழைத்துக்கொண்டு மடத்தின் பின்பக்கம் போனார்.

அங்கே ஓடை. ஆடி மாதக் காற்றில் மணல் பறந்துகொண்டிருந்தது. வருஷத்தில் முக்கால்வாசி நாள் அது வெறும் மணல். ஐப்பசி பிறந்து மலையில் மழை விழுந்தால் காட்டாறு. அக்கரையில் ஒரு சின்னக் குடியிருப்பு. ஓடையில் வெள்ளம் வந்துவிட்டால் அந்த ஜனங்களுக்கு மருந்தகமும் இல்லை, கடையும் இல்லை, ரோடும் இல்லை.

போன ஐப்பசியில் அக்கரைக்காரர் சொரிமுத்து தன் மனைவிக்குக் காய்ச்சல் என்று மாத்திரை வாங்க இக்கரைக்கு வந்தார். வரும்போது முழங்கால் தண்ணீர். திரும்பும்போது இடுப்புக்கு மேல். நாளைக்குப் போகலாம் என்று குழலி அம்மா தடுத்துப் பார்த்தார். காய்ச்சல் கொதிக்குதும்மா என்று சொல்லிவிட்டு இறங்கினார். மறுநாள் காலையில் கீழே வெகுதூரத்தில், தாழம்புதரில் அவரைக் கண்டெடுத்தார்கள். மாத்திரைப் பொட்டலம் சட்டைப்பைக்குள்ளேயே இருந்தது.

தாணுமாலயனுக்கும் அது தெரியும். அடக்கத்துக்கு அவரும் போயிருந்தார்.

"மழைக்கு முன்னால இங்க ஒரு பாலம் வேணும் அண்ணாச்சி" என்றார் குழலி அம்மா.

"நான் கேட்டதுக்குப் பதில்?"

"பாலம் வேணும்" என்றார் மறுபடியும். பிறகு கீரை இன்னும் உருவி முடியவில்லை என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

*

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தாணுமாலயன் சுருட்டிய வரைபடத்தோடு வந்தார். பஞ்சாயத்தில் பேசி அனுமதியும் வாங்கியிருந்தார்.

நல்ல வரைபடம். ஓடைக்கு நடுவில் இரண்டு தூண்கள், இரண்டு கரையிலும் ஆள் உயரத்துக்குக் கான்கிரீட் சுவர், மேலே கனமான தளம். தளத்துக்குள் கம்பி பின்னல் போல ஓடியது.

குழலி அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளின் மேல் குனிந்தார். ஒரு கம்பியின் மேல் விரலை வைத்தார்.

"இந்தக் கம்பி யாருக்கு, அண்ணாச்சி?"

அவருக்குப் புரியவில்லை. அம்மா காத்திருந்தார்.

"பாலத்துல நடக்குற ஆளுங்களுக்கு" என்றார்.

விரல் நகர்ந்தது. "இது?"

"வெள்ளத்துக்கு. தண்ணி தள்ளும்லா."

"இது?"

"காத்துக்கு."

"இது?"

"கணக்கு கொஞ்சம் முன்னப்பின்ன இருந்தா தாங்கணும். அதுக்கு. சட்டப்படியே போடணும் அம்மா."

அம்மா தலையசைத்தார். விரல் இன்னும் நகர்ந்தது. "அப்ப இது?"

தாணுமாலயன் பார்த்தார். ஆளுக்கான கம்பி முடிந்துவிட்டது. வெள்ளத்துக்கானது, காற்றுக்கானது, சட்டம் சொல்லும் பாதுகாப்புக்கானது எல்லாம் முடிந்துவிட்டன. அதற்கு மேலும் கம்பி இருந்தது. நிறையவே இருந்தது.

"அது..." என்றார். பிறகு, "மனசு கேக்கலை. போட்டேன்" என்றார்.

மாணவராக இருந்த காலத்தில் அவர் ஊரில் ஒரு கல்யாண மண்டபத்தின் முகப்பு இடிந்து விழுந்தது. யாரோ கட்டியது. அவர் வெறுமனே கூட்டத்தோடு கூட்டமாக நின்று பார்த்தவர். இடிபாட்டுக்கு வெளியே கிடந்த ஒரு சின்னச் செருப்பை அவரால் மறக்க முடியவில்லை. அன்றிலிருந்து அவர் வரைந்த எல்லாவற்றிலும் தேவைக்கு மேல் ஒரு பங்கு கம்பியும் ஒரு பங்கு சிமெண்ட்டும் போய்க்கொண்டிருந்தன. ஒருவரும் அதைக் குற்றம் சொன்னதில்லை. தாணு சார் கட்டினால் அசையாது என்றுதான் சொன்னார்கள்.

இதையெல்லாம் அவர் மெதுவாகச் சொன்னார். குழலி அம்மா குறுக்கிடாமல் கேட்டார்.

"சரி. உங்க மனசு என்ன எடை இருக்கும்?"

அவர் சிரிக்கப் பார்த்தார். அம்மா சிரிக்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டது போல முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியாது அம்மா."

"எடை தெரியாததுக்கு எப்படிக் கம்பி போட்டீங்க?"

அவர் வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினார்.

*

அந்த வாரம் முழுக்க அவருக்கு வேலை ஓடவில்லை.

ஒருநாள் ஆபீசில் புதுக் காத்தாடியின் அஸ்திவார வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்த்தார். இது யாருக்கு, இது யாருக்கு. கணக்குப் போட்டவர் தன் பங்குக்குக் கொஞ்சம் கூட்டியிருந்தார். அதைச் சரிபார்த்தவர், நம்மேல் பழி வேண்டாம் என்று இன்னும் கொஞ்சம் கூட்டியிருந்தார். அதற்கும் மேலே கூட்டியிருந்தது அவரே. ஒருவர் கூட்டியது அடுத்தவருக்குத் தெரியாது. மூன்று பேருடைய பயமும் சேர்ந்து ஒரே குழிக்குள் இறங்கியிருந்தது.

அவர் அதைத் தலைமை அலுவலகத்துக்கு எழுதினார். வெளியாள் ஒருவரை வைத்து முதலிலிருந்து கணக்குப் போட்டுப் பார்க்கலாம் என்று கேட்டுக்கொண்டார். பதில் வர நாளாகும் என்று தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை மடத்துக்குள் போகாமல் நேரே மணலைத் தாண்டி அக்கரைக்குப் போனார். கையில் ஒரு எடை மெஷின். குடியிருப்பு ஜனங்கள் வேடிக்கை பார்க்கக் கூடினார்கள். ஆண்கள், பெண்கள், தண்ணீர்க்குடம் சுமந்தவர்கள், புல்லுக்கட்டு சுமந்தவர்கள், ஆடு, ஒரு மோட்டார் சைக்கிள் என்று அகப்பட்டதையெல்லாம் எடை பார்த்தார். நோயாளியைக் கட்டிலோடு தூக்கிப்போனால் எத்தனை பேர் கூட வருவீர்கள் என்று கேட்டார். திருவிழாவுக்கு எல்லாரும் ஒரே நேரத்தில் ஏறுவீர்களா என்று கேட்டார். ஏறுவோம் என்றார்கள். அதையும் கணக்கில் சேர்த்தார்.

சொரிமுத்துவின் மனைவி பேச்சித்தாய் மட்டும் வரவில்லை. வீட்டு வாசலில் நின்றுகொண்டு பார்த்தாள். அவர் அருகே போனார்.

"எடை பாத்துதான் பாலம் போடுவீங்களோ சார்" என்றாள். "எங்க வீட்டுக்காரர் இறங்கினப்போ தண்ணி எடை பாக்கலையே."

அவர் மெஷினைத் தூக்கிக்கொண்டு திரும்பினார்.

ஆனால் எடை தெரிந்துவிட்டது. அன்று மாலைக்குள் வரைபடத்தில் ஒரு தூண் போய்விட்டது. அடுத்த நாள் இன்னொன்றும் போனது. இரண்டு கரையிலும் தரைக்கு அடியிலேயே பாறை இருப்பதால் ஆள் உயரச் சுவர் முழங்கால் உயரமானது. கடைசியில் மிஞ்சியது ஒன்றுதான். கரையிலிருந்து கரைக்கு, கனம் குறைந்த, வலு உள்ள இரண்டு உத்தரங்கள் வேண்டும்.

அவற்றுக்குப் புது இரும்பு வாங்கலாம். அவருக்கு இப்போது அதற்கும் மனம் வரவில்லை.

*

புரட்டாசி பிறந்து காற்று அடங்கியிருந்தது. ஒருநாள் மத்தியானம் யார்டுக்குப் போனார்.

சாப்பாட்டு நேரம். வேலையாட்கள் வரிசையாக உட்கார்ந்து தூக்குச்சட்டியைத் திறந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் உட்கார்ந்திருந்தது ஒரு பழைய இறக்கையின் மேல். லாரிக்காக வெட்டிய அகலமான பள்ளத்துக்குக் குறுக்கே, அது இரண்டு நுனியும் மட்டும் தரையைத் தொட்டுக்கொண்டு கிடந்தது. பத்துப் பன்னிரண்டு பேர். ஒருவர் எழுந்தார், இன்னொருவர் தொப்பென்று உட்கார்ந்தார். இறக்கை லேசாக ஒரு மூச்சு விட்டது போல ஏறி இறங்கியது. அவ்வளவுதான்.

தாணுமாலயன் நின்றுவிட்டார்.

அந்த இறக்கையை அவருக்குத் தெரியும். தான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் கிரேனில் ஏற்றி மாட்டியவற்றில் ஒன்று. எத்தனை ஆடிக் காற்றை அது வளைந்து வாங்கியிருக்கும். அதன் உள்ளே எந்தக் கண்ணாடி இழை எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதெல்லாம் அவர் படித்தவைதான். இத்தனை வருஷமாக அதைக் குப்பை என்று பெயர் வைத்துத் தாண்டிப் போயிருக்கிறார்.

சாப்பிட்டவர்கள் எழுந்திருக்கப் போனார்கள். அப்படியே இருங்கள் என்று சொல்லிவிட்டு, பள்ளத்துக்குள் இறங்கி அடியிலிருந்து பார்த்தார்.

கம்பெனி மேலாளரிடம் கேட்டபோது, எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போனாலும் சந்தோஷம் என்றார். தாணுமாலயன் இரண்டு மட்டும் கேட்டார். அவற்றைத் தட்டிப் பார்த்து, விரிசல் தேடி, வெயில் பட்டு நைந்த இடங்களை அடையாளம் போட்டு, ஒன்றை ஒதுக்கிவிட்டு வேறொன்றைப் பொறுக்கினார். கழற்றிய கோபுரத்துக்குள்ளிருந்த இரும்பு ஏணிகள் கைப்பிடிக்கு ஆயின. கோபுரத்தின் தளத்தகடுகள் நடைபாதைக்கு ஆயின. புதிதாக வாங்கியது கரைக்குச் சில மூட்டை சிமெண்ட்டும் கொஞ்சம் போல்ட்டும்தான்.

கிரேன் ஒரு காலைப்பொழுதில் வேலையை முடித்துவிட்டது. ஒன்றின் தடித்த முனை இக்கரையில், மற்றதன் தடித்த முனை அக்கரையில். நடுவில் தூண் இல்லை. தண்ணீர் தன் பாட்டுக்குப் போகலாம்.

பிறகு மணல் மூட்டை ஏற்றிப் பார்த்தார். ஜனம் மொத்தமும் ஏறி நின்றால் என்ன எடையோ, அதற்கும் மேல் மூட்டைகளை அடுக்கினார். பாலம் ஒரு சாண் தாழ்ந்தது. ஒரு பகல் ஒரு இரவு அப்படியே விட்டார். மூட்டைகளை இறக்கியதும் பழையபடி நேரானது. மட்டம் பார்க்கக் கரைக்குக் கரை கட்டியிருந்த நூலைத் தொட்டுக்கொண்டு நின்றது.

சட்டப்படி அது போதும். அவர் இன்னொரு முறையும் செய்தார். அதேதான் நடந்தது.

மூன்றாம் முறை முதல் மூட்டையைத் தோளில் தூக்கியபோது குழலி அம்மா வந்தார். வெயிலில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இந்த மூட்டை யாருக்கு, அண்ணாச்சி?"

அவர் மூட்டையைக் கீழே போட்டார்.

*

ஆனால் அக்கரையிலிருந்து ஒருவரும் பாலத்தில் ஏறவில்லை.

முதலில் அவருக்குக் காரணம் தெரியவில்லை. பயமாக இருக்கும் என்று நினைத்தார். மூட்டை ஏற்றிப் பார்த்ததையும் பாலம் தாங்கியதையும் எடுத்துச் சொன்னார். எல்லாரும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். கேட்டுவிட்டு மணலில் இறங்கி நடந்துபோனார்கள்.

பேச்சித்தாய்தான் வாயைத் திறந்தாள்.

"டவுன்ல பாலம் போட்டா புதுக் கம்பி, புதுச் சிமெண்ட். எங்களுக்குன்னா குப்பையில கிடந்தது. அப்படித்தானே சார்?"

அவர் முகம் சுருங்கிவிட்டது. மடத்துக்கு வந்து குழலி அம்மாவிடம் சொன்னார். தொழிலில் இத்தனை வருஷத்தில் இவ்வளவு கவனமாக அவர் எதையும் கட்டியதில்லை. ஆனால் அவள் சொன்னதும் பொய்யில்லை. எந்த ஊரிலும் மிச்சம் மீதி போய்ச் சேருகிற இடம் அவளைப் போன்றவர்களின் வாசல்தான். அதை அவள் பிறந்ததிலிருந்து பார்த்திருக்கிறாள். வேண்டுமானால் இதைப் பிரித்துவிட்டு, புது இரும்பில் செய்து தருவதாகச் சொல்லிவிடலாமா என்று கேட்டார்.

"உங்க வீட்டு வாசல்ல ஓடை இருந்தா இதைப் போட்டிருப்பீங்களா?"

"போட்டிருப்பேன்."

"நிச்சயமா?"

"நிச்சயமா அம்மா."

குழலி அம்மா உள்ளே போனார். ஒரு பாயும் மாற்றுப்புடவை கட்டிய ஒரு மூட்டையுமாக வெளியே வந்தார். சமையல்காரப் பெண்மணியிடம், கார்த்திகை முடியும்வரை அக்கரையில் இருக்கப்போவதாகவும், ஒருவேளைச் சாப்பாட்டைப் பாலத்து வழியாகக் கொடுத்தனுப்பும்படியும் சொன்னார்.

தாணுமாலயன் பதறிப்போனார். வேறு வழி பார்க்கலாம், கொஞ்ச நாள் பொறுக்கலாம் என்று என்னென்னவோ சொன்னார்.

அம்மா அவர் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டே செருப்பை மாட்டினார். பிறகு பாலத்தில் ஏறி, சாதாரணமாக, சந்தைக்குப் போகிறவர் போல அக்கரைக்கு நடந்துபோனார். அங்கே பேச்சித்தாயின் வீட்டுக்குப் போய், உன் வீட்டில் தங்க இடம் தருவாயா என்று கேட்டார்.

பேச்சித்தாய் அவரையும் பார்த்தாள், பாலத்தையும் பார்த்தாள். வாசலை விட்டு ஒதுங்கி நின்றாள்.

*

ஐப்பசி முதல் மழைகள் சின்ன மழைகள். சமையல்காரப் பெண்மணி சோற்றை எடுத்துக்கொண்டு பாலத்தில் போய் வந்தார். மற்றவர்கள் கணுக்கால் தண்ணீரில் நடந்தார்கள்.

தாணுமாலயன் இப்போது தினமும் வந்தார். ஆபீசுக்குப் போகுமுன் வந்து பாலத்தை ஒருமுறை அடியில் குனிந்து பார்ப்பார். போல்ட்டுகளை முடுக்கிப் பார்ப்பார். அக்கரையில் அம்மா ஜனங்களோடு உட்கார்ந்து ஓலை பின்னிக்கொண்டிருப்பது தெரியும். அம்மா கையசைப்பார். தாணுமாலயன் நிம்மதியில்லாமல் திரும்பிப் போவார்.

பிறகு பெரிய மழை வந்தது. விடிய விடிய மலையில் கொட்டியது. காலையில் தாணுமாலயன் மடத்துக்கு வந்தபோது ஓடையின் சத்தம் ரோட்டிலேயே கேட்டது.

கரையில் போய் நின்றார். செம்மண் நிறத்தில் தண்ணீர் இரண்டு கரையும் தொட்டு ஓடியது. கிளைகள், வேரோடு வந்த பனை, யாருடையதோ ஒரு கூரை. பாலம் தண்ணீருக்கு மேலே நின்றது. அடியில் ஆள் குனிந்து போகிற அளவு இடைவெளி இருந்தது.

அக்கரையில் ஜனங்கள் கூடி நின்றார்கள். விறகெல்லாம் நனைந்து ஒரு வீட்டிலும் அடுப்பு எரியவில்லை என்று கத்திச் சொன்னார்கள். மடத்தில் எல்லாருக்குமாகக் கஞ்சி காய்ச்சியிருந்தார்கள். பெரிய குண்டான், இரண்டு பக்கமும் வளையம். சமையல்காரப் பெண்மணி அதைப் பாலத்தின் வாசல்வரை கொண்டுவந்து வைத்துவிட்டு, தண்ணீரைப் பார்த்ததும் நின்றுவிட்டார். கால் வரவில்லை சார் என்றார்.

தாணுமாலயன் குண்டானை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கினார்.

கொஞ்ச தூரம் ஒன்றும் தெரியவில்லை. நடுவை நெருங்கியபோது காலடியில் தகடு மெதுவாகத் தாழ்ந்து, மெதுவாக எழும்பியது. அவர் நின்றார். நின்ற பிறகும் அது ஒருமுறை மூச்சு விட்டது.

அவர் வாழ்நாளில் கட்டிய எதுவும் அவர் காலடியில் அசைந்ததில்லை.

அது இவ்வளவு வளையும், இவ்வளவில் திரும்பும் என்று அவரேதான் எழுதினார். மணல் மூட்டை வைத்து இரண்டு முறை கண்ணால் பார்த்தார். ஆனால் கால் அதையெல்லாம் பார்க்கவில்லை. கால் மரத்துப்போய் நின்றது. கீழே ஒரு முழு மரம் உருண்டு வந்து, பாலத்துக்கு அடியில் ஒரு தூணும் தடுக்காமல் நுழைந்து அந்தப் பக்கம் போனது. முன்னால் போகவும் முடியவில்லை, திரும்பவும் முடியவில்லை. குண்டானின் சூடு நெஞ்சில் இறங்கியது.

அப்போது அக்கரையிலிருந்து யாரோ பாலத்தில் ஏறினார்கள். தகடு மறுபடி லேசாக எழும்பியது.

பேச்சித்தாய்.

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒரு கையால் ஏணிக் கைப்பிடியைப் பற்றியபடி வந்தாள். தண்ணீரைப் பார்க்கவில்லை. அவர் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தாள். பக்கத்தில் வந்ததும் குண்டானின் ஒரு வளையத்தைப் பிடித்தாள்.

"அசையுதே சார்."

"அசையும்" என்றார். தன் குரல் தனக்கே கேட்டதும் அவருக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. "தாழ்ந்துட்டு, திரும்ப நேராயிரும். நின்னு பாரு."

அவள் நின்று பார்த்தாள். அவரும் பார்த்தார். பாலம் தாழ்ந்தது. நேரானது. இருவரும் குண்டானைப் பிடித்துக்கொண்டு அந்த மழையில் நின்றார்கள்.

அவள் கண்கள் ஒருகணம் கீழே போயின. தண்ணீரில் வெகுதூரம் போய், தாழம்புதர்ப் பக்கம் பார்த்துவிட்டுத் திரும்பின.

"சரி, நடங்க" என்றாள். "கஞ்சி ஆறிரும்."

இருவரும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். சில அடிகள் போனதும் அவருடைய காலுக்கு அந்த ஏற்ற இறக்கம் பிடிபட்டுவிட்டது. கரையில் ஏறியதும் யாரோ குண்டானை வாங்கிக்கொண்டார்கள். யாரோ அவர் தோளைத் துடைத்துவிட்டார்கள்.

கஞ்சியைக் குடித்துவிட்டு ஜனங்கள் ஒவ்வொருவராகப் பாலத்தில் ஏறினார்கள். இருமலோடு இருந்த ஒருவரை அவர் மனைவி மருந்தகத்துக்கு அழைத்துப்போனாள். நடுவில் நின்று ஒருமுறை குதித்துப் பார்த்த ஒருத்தியைப் பேச்சித்தாய் கரையிலிருந்து அதட்டினாள். எல்லாரும் சிரித்தார்கள். மழை விட்டிருந்தது.

தாணுமாலயன் பேச்சித்தாய் வீட்டுக் கூரை இறவாணத்தின் கீழ் போய் உட்கார்ந்தார். குழலி அம்மா ஒரு தட்டில் கஞ்சியைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் பாதி குடித்தார். அந்தச் சூடு உள்ளே போகப் போக, எதற்கென்று தெரியாமல் அவருக்குக் கண் நிறைந்தது. துடைத்துக்கொண்டார்.

"நீங்க அன்னைக்கு நடந்து வந்தீங்களே. அப்பவும் அசைஞ்சுதா அம்மா?"

"அசைஞ்சுது."

"பயமா இல்லையா?"

"இருந்துது. நடுவுல ரொம்பவே."

அவர் தட்டைக் கீழே வைத்துவிட்டு அம்மாவைத் திரும்பிப் பார்த்தார்.

"பிறகு எப்படி நடந்தீங்க?"

குழலி அம்மாவுக்கு அந்தக் கேள்வியே ஆச்சரியமாக இருந்தது போலிருக்கிறது.

"அளந்தது நீங்கள்லா, அண்ணாச்சி."